இடது கைக்கு வந்த கண்ணி

எனக்கு வாய் கோணிப்போனது என்று கேள்விப்பட்டபோது நாங்கள் குடியிருக்கிற மூஞ்சிக்கல்லில் ரெண்டு மூன்று பேராவது உள்ளுக்குள் நிம்மதியாகியிருப்பார்கள். என் வாய் அப்படி. கறிக்கடையில் எடை குறைந்தாலும் பேசுவேன், கோயிலில் பாட்டு இழுத்தாலும் பேசுவேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம், "ஆஸ்பத்திரியில என்னதான் பண்ணாங்க, கை எப்படித் திரும்ப வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். கோயில் வாசலில் நின்று சொல்லத் தொடங்கினால் கதை பாதியிலேயே பஸ் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் மரியபுஷ்பம். புஷ்பம் என்றால்தான் தெரியும். கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் ஏரிப் பக்கத்துக் கடைகளுக்கும் ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் பின்னிக் கொடுப்பதுதான் என் சோலி. இருபத்தைந்து வருஷமாக இதேதான். ஊசியைக் குனிந்து பார்க்கவே மாட்டேன். எதிரில் இருப்பவரோடு வாயடித்துக்கொண்டே ஒரு ஸ்வெட்டர் கை முழுவதும் பின்னி முடித்துவிடுவேன். வீட்டுக்காரர் செல்வராஜ், ஜீப் டிரைவர். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வட்டக்கானல், தூண்பாறை என்று போய்வருவார். ஏன் இப்படிப் பேசாமலே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "அவ எங்க எடம் விட்டா?" என்பார். அதுவே அவருக்கு நீளமான பேச்சு.

இரண்டாயிரத்து எட்டின் கடைசி. புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்கள். வெள்ளனே எழுந்து டீ போட்டேன். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. திட்டிக்கொண்டே இன்னொன்றை எடுத்தேன், அதுவும் விழுந்தது. வலது கை தோளிலிருந்து தொங்கியது, ஆனால் என்னுடையதாக இல்லை. அவரைக் கூப்பிட்டேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"குளிர்ல வெறைச்சுப்போயிருக்கு. அடுப்புக்கிட்ட காட்டு, சரியாயிரும்."

மலையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. விரல் மரத்தாலும் குளிர், கால் இழுத்தாலும் குளிர், உடம்பில் எது நின்றாலும் பழியைக் குளிர்மேல் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவோம். நானும் போனேன். அவர் வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தார். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். ரெண்டு மணி நேரம் நான் அடுப்பு முன்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, "போதும், நீங்க சவாரிக்குப் போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் கொழகொழவென்று ஒரு பக்கமாக வழிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எதற்கும் ஓடாத மனுசன் செருப்புகூடப் போடாமல் ஜீப்பை எடுக்க ஓடினார்.

இங்கே உள்ளூர் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவருடைய தங்கை தெரசா பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதையில் அவர் எப்படி ஓட்டினார் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். வேகமாகவும் போனார், ஒரு வளைவில்கூட என் தலை ஆடவில்லை. வத்தலக்குண்டு தாண்டும்வரை தெரசாதான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "அண்ணே, வெரசாப் போண்ணே, மெதுவாப் போண்ணே" என்று ரெண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு வளையத்துக்குள் தலையை விட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். ஆடாமல் படுத்தால் போதும், வலி ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்த டாக்டர் இளவயசுக்காரர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலையை வரைந்து எங்களுக்கு விளக்கினார். மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது. இடது மூளைதான் வலது கையையும் பேச்சையும் நடத்துகிறது. அதனால் ரெண்டும் ஒரே நேரத்தில் நின்றன. பக்கவாதம் என்பது இதுதான். காரணம், நான் எத்தனையோ வருஷமாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று அவரைக் கேட்டார் டாக்டர்.

"காலைல ஆறு மணி இருக்கும் சார்."

"இப்ப பன்னெண்டாகப் போகுது. கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்குங்க. அதை முதல் சில மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோசனம். இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"குளிருன்னு நெனச்சு அடுப்புல காட்டச் சொன்னேன் சார்."

டாக்டர் வரைந்த சீட்டை மடித்து வைத்துவிட்டார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆனால் இவர் தலை குனிந்தது, அப்புறம் பல நாள் நிமிரவே இல்லை.

முதல் ரெண்டு நாள் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிப் பார்த்தார்கள். தொண்டையும் பாதி மரத்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதற்காக அந்தப் பரிசோதனை. எனக்கு விழுங்க வந்தது. தெரசா பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்கில் கொண்டுவந்தாள். பில்லுக்காக அவள் கம்மலைக் கழற்றிக் கொடுத்ததை எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. அதனால் எழுதவில்லை.

நாலாம் நாள் கையைப் பழக்க ஒரு மேடம் வந்தார். ஒல்லியாக இருப்பார், குரல் மட்டும் போலீஸ்காரி குரல். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். என் விரல்கள் பந்தின்மேல் செத்த மாதிரி கிடந்தன. "முயற்சி பண்ணுங்க, முதல் மாசங்கள்லதான் அதிகமாத் திரும்ப வரும்" என்றார். எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, கொஞ்ச நாள் போனால்தான் தெரியும் என்றார். டம்ளர் பிடிக்க வரலாம். பட்டன் போட வரலாம். பின்னுவது என்பது சின்னச் சின்ன அசைவு, அது கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம் என்றார். பொய் சொல்லாத அந்த மேடத்தை எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் கொண்டுவந்திருந்த பையில் ஹாஸ்டலுக்கான ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு பாதியில் நின்றது. இளநீலம். முதுகுப்பக்கம் முடிந்து, முன்பக்கத்தில் அக்குள் வரை வந்திருந்தது. மேடம் போனபிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என் கை போயிற்று என்று அழுதேன். இந்த வேலை இல்லாவிட்டால் நான் யார் என்று அழுதேன். பேச்சு சரியாக வராததால் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டிக் காட்டி அழுதேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்வெட்டர் முடியவில்லையே என்று அழுவதாக அவர் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவர் காணாமல் போகத் தொடங்கினார்.

காலையில் டாக்டர்கள் சுற்றி வரும்போது துணைக்கு இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அது பத்து மணி. அரை மணியில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். இவர் மட்டும் பன்னிரண்டரைக்கு வருவார். கண் சிவந்திருக்கும். எங்கே போனீர்கள் என்று கையால் கேட்டால், "சும்மா, டீ குடிக்க" என்பார். ரெண்டரை மணி நேரம் குடிக்க அது என்ன டீ என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான அம்மா. அவருடைய மருமகள் லெட்சுமிதான் துணைக்கு இருந்தாள். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு இங்கே வந்து, இப்போது பேத்துப்பாறையில் தோட்ட வேலை செய்கிறவள். மாமியாருக்கு முகம் துடைத்த கையோடு எனக்கும் துடைத்துவிடுவாள், கேட்கவே வேண்டாம். அவள்தான் மூன்றாம் நாள் என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"அக்கா, சொல்றனேன்னு கோவிக்கப்படாது. உங்க அவரு எதித்தாப்புல மாடியில இருக்கே கம்ப்யூட்டர் கடை, அதுக்குள்ள போறாரு. நானே கண்ணால கண்டேன். நேத்தும் கண்டேன்."

பிரவுசிங் சென்டருக்குள் போயிராதவர்களுக்காகச் சொல்கிறேன். அறையைப் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவர்களும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு வேறு எதையோ பார்க்கப் போகிற ஆம்பிளைகளும் உண்டு. ஊரெல்லாம் அப்படித்தான் பேச்சு. பெண்டாட்டி வாய் கோணிப் படுத்துக்கிடக்கிறாள், ஐம்பது வயது மனுசன் தினமும் ரெண்டரை மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து கண் சிவந்து வருகிறார். எனக்கு ரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருக்கும். சிஸ்டர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, மாத்திரை போட்டும் கூடியிருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு அவர் வந்து நின்றதும், இடது கையால் ரப்பர் பந்தை எடுத்து அவர்மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டது. இடது கைக்கு அவ்வளவு குறி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"என்ன புள்ள இது," என்று நெற்றியைத் தடவினார். நான் ஜன்னல் வழியாக எதிர்மாடியைக் காட்டினேன். அவர் லெட்சுமியைப் பார்த்தார், அவள் மாமியாரின் போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினாள். அவர் திருட்டு முழி முழித்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு, வயிற்றோடு சேர்த்து வைத்திருந்த ஒரு காகிதப் பையை எடுத்தார்.

அதற்குள் ரெண்டு பென்சில். அவற்றில் என் இளநீல நூல். பென்சிலிலிருந்து தொங்கிய ஒரு துண்டு.

துண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடியில் மூன்று விரல் அகலத்தில் தொடங்கி, மேலே போகப் போக விரிந்து, ஒரு ஜாண் அகலத்தில் முடிந்திருந்தது. நடு நடுவே ஓட்டை. புதிதாகப் பின்னுகிறவர்கள் எல்லோரும் தெரியாமல் கண்ணியை, அதாவது ஊசியில் கோத்து நிற்கும் நூல் வளையத்தை, கூட்டிவிடுவார்கள், ஆனால் இவ்வளவு தாராளமாக யாரும் கூட்டி நான் பார்த்ததில்லை.

"நம்ம மகதான் போன்ல சொன்னா," என்றார். எங்கள் மகள் கோயமுத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள், வர முடியவில்லை, தினமும் போன் செய்வாள். "இப்ப எல்லாச் சோலியும் வீடியோவா கம்ப்யூட்டர்ல கெடக்காம். பின்னலும் இருக்குமான்னு கேட்டேன், இருக்கும்ப்பான்னா. உன் ஊசியத் தொட்டா கண்ணி கழண்டு போயிருமேன்னு பென்சில் வாங்கிக்கிட்டேன். அந்த ஸ்வெட்டர நான் முடிச்சுத் தாரேன். நீ அழுகாத." பென்சிலைத் திருப்பிக்கொண்டே, "அடுப்புல காட்டச் சொன்னது நாந்தான," என்றார்.

நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கோணல் வாயால் ரெண்டையும் செய்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனுசன் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து உரமேறிய விரல்கள். கிரீஸ் கறை போகாத நகம். அந்தக் கையால் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, பக்கத்துத் தடுப்புகளில் யார் என்ன பார்த்தாலும் தான் ஸ்வெட்டர் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதையை எந்தச் சொல்லால் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

"செஞ்சு காட்டவா?" என்று எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

பின்னலில் ஊசி ரெண்டுக்கும் ஒரே வேலை கிடையாது. நாங்கள் பின்னுகிற முறையில் இடது கை ஊசி கண்ணிகளைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். வலது கைதான் ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, இழுத்து, இறக்கும். அவர் செய்யச் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஆனால் சரியாகத்தான் நுழைத்தார், சரியாகத்தான் சுற்றினார். எனக்குப் பார்க்கப் பழகின காட்சி மாதிரியே இருந்தது. அப்புறம்தான் அவருடைய வாட்சைக் கவனித்தேன். வாட்ச் கட்டிய கை துள்ளிக்கொண்டிருந்தது. மற்றக் கை சும்மா நின்றது.

அவர் வாட்ச் கட்டுவது இடது கையில்.

இடது கையாலேயே முழுக்கவும் பின்னிக்கொண்டிருந்தார். ஏன் என்று யோசித்ததும் விளங்கிவிட்டது. வீடியோவில் பின்னிக் காட்டிய பெண் இவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வலது கை திரையின் இடது பக்கம் தெரியும். இவர் தினமும் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்கிற ஆள். திரையில் எந்தப் பக்கம் கை ஆடியதோ அதே பக்கத்துக் கையைத் தானும் ஆட்டியிருக்கிறார். பின்னல் தெரிந்த யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

"தப்பு," என்றேன். அந்த ஒரு சொல் அன்றைக்குத் தெளிவாகவே வந்துவிட்டது.

அவர் கை நின்றது. "தப்பா? மூணு நாளாப் பாத்தேனே. அம்புட்டுமா தப்பு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பென்சில்களை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை இவ்வளவு நேரம் ஒரு வேலையும் செய்யவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது, அவ்வளவுதான். சும்மா இருக்கிற வலது கைதான் என்னிடமும் இருந்தது.

இடது கையை நீட்டினேன். "குடுங்க," என்றேன்.

நீங்கள் நினைப்பதுபோல உடனே வந்துவிடவில்லை. இருபத்தைந்து வருஷம் வேலைக்காரியாக நின்ற இடது கையை ஒரே நாளில் எஜமானியாக்கினால் அது என்ன செய்யும்? முட்டாள் மாதிரி விழித்தது. எனக்குத் தெரிந்த வித்தைதானே, திருப்பிப் போட்டால் வராதா என்று நினைத்தேன். வரவில்லை. தெரிந்தது வலது விரல்களுக்கு, என் தலைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து காட்டினால் எனக்கு மறுபடி வலது கைதான் துடிக்கும். அதனால் கட்டிலில் என் வலப்பக்கம் வந்து, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். "என் கையப் பாரு. நுழை. சுத்து. இழு. எறக்கு," என்று டூரிஸ்டுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். முதல் வரிசை முடிய முக்கால் மணி நேரமானது. லெட்சுமியும் அவள் மாமியாரும் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

மேடம் மறுநாள் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். என் ஊசியை வாங்கி, பிடிக்கிற இடத்தில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, என் வலது கைக்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். நீள ஊசியின் வால்பக்கத்தை அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொன்னார். "இது பந்தைவிட நல்ல பயிற்சி. வலது கை பிடிச்சுட்டே இருக்கணும், அதுதான் அதுக்குப் பாடம்," என்றார். பிறகு அவரைப் பார்த்து, "யாருங்க சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

"ஒரு வெள்ளக்கார அம்மாங்க," என்றார் இவர்.

ஒரு பின்னலில் ஸ்வெட்டர் ஆகாது. முன்பக்கம் வழவழப்பாக விழுவது நிட், முண்டு முண்டாக விழுவது பர்ல், ரெண்டும் வேண்டும். பர்லுக்காக அவர் மறுபடி மாடி ஏறினார். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இருந்தாலும் வீடியோ ஓடாது. கொஞ்சம் ஓடும், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு நாள் வந்து, "நூல முன்னால கொண்டாந்துக்கணும். ஊசிய இப்படி மேலருந்து உள்ள விடணும். அதுக்கு மேல சுத்திக்கிட்டே நின்னுருச்சு. மிச்சம் நாளைக்குத்தான்," என்றார். நானும் ஊசியை அப்படி உள்ளே விட்டபடியே மறுநாள் வரை வைத்திருந்தேன். ஊசி போட வந்த சிஸ்டர், "பாட்டிம்மா, அதைக் கொஞ்சம் எடுங்க" என்றாள். பாட்டிம்மா என்றதற்கு அவளை முறைத்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சக்கர நாற்காலியில் என்னையும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போனார். மாடிப்படியில் அவரும் தெரசாவும் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். கடையை நடத்தியது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "ஐயா தினமும் வந்து இதத்தான் பாக்குறாரு. மொத நாள் எனக்கே சந்தேகம், எட்டிப் பாத்தேன். நூல் சுத்திக்கிட்டு இருந்தாரு," என்றார். நான் மட்டும்தான் சந்தேகப்பட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதல் தடவையாக அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. தடித்த கைகள், மேலெல்லாம் புள்ளி. அவள் பேசிய இங்கிலீஷ் எனக்கு ஒரு சொல் புரியவில்லை, ஆனால் கை சொன்னதெல்லாம் புரிந்தது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். ஒவ்வொரு கண்ணியையும் மூன்று தடவை காட்டினாள். எங்கோ யார் யாரோ பார்ப்பார்கள் என்று நம்பி, காசு வாங்காமல், தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இவர் மாதிரி ஒரு ஆள் அதைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டு போய், என் மாதிரி ஒருத்திக்குக் கொடுப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கடைக்கார அம்மா இன்னும் நல்ல வீடியோக்கள் இருக்கின்றன என்று சிலதைப் போட்டுக் காட்டினார். எல்லாம் பின்னுகிறவளின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தவை. தெளிவாகத்தான் இருந்தன.

"இது வேண்டாம்மா," என்றார் இவர். "எங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கவங்கதான் வேணும்."

அந்த ஸ்வெட்டரை வீட்டுக்கு வந்துதான் முடித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முன்பக்கத்தில் அக்குள் உயரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு தனியாகத் தெரிந்தன. வலது கை விட்ட இடத்தில் இடது கை எதிர்த்திசையில் தொடங்கியதால் வந்தது. பிரித்துச் சரிசெய்யலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. ஹாஸ்டலை நடத்தும் கன்னியாஸ்திரி கையில் வாங்கி விரித்துப் பார்த்தார். "இது என்ன புஷ்பம், நடுவுல ஒரு கோடு?"

எனக்குப் பதில் வருவதற்குள் பின்னாலிருந்து, "அது டிசைன் சிஸ்டர்," என்றார் ஜீப் டிரைவர்.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, கறிக்கடைக்காரரைக் கேளுங்கள். வலது கையால் டம்ளர் பிடிக்கிறேன், பட்டன் போடுகிறேன், சிலுவை அடையாளம் போடுகிறேன். மாத்திரை ஒரு நாள் தவறுவதில்லை. யாருக்காவது காலையில் கை மரத்தால் தயவுசெய்து அடுப்புக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சவாரி முடிந்து ஜீப்பை நிறுத்திவிட்டு வந்ததும் அவர் டீயோடு என் வலப்பக்கம் வந்து உட்காருகிறார். அவரும் பின்னுகிறார். மப்ளர் மட்டும்தான் வரும், கண்ணி இப்போது கூடுவதில்லை. மூஞ்சிக்கல்லிலும் ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருக்கிறது. புது டிசைன் வேண்டுமென்றால் அவர்தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார். பேசாத மனுசன், கையில் நூல் இருந்தால் அன்றைக்கு வந்த டூரிஸ்டுகளின் கதையெல்லாம் சொல்கிறார். நான் இடையில் பேசாமல் கேட்கிறேன். இதை நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் அவர் சவாரிக்குப் போயிருந்தபோது, ஊசிகளைப் பழைய மாதிரி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். வலது கை நுழைத்தது. சுற்றியது. இழுத்தது. மெதுவாகத்தான், ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. பத்து வரிசை பின்னினேன். வராமலும் போகலாம் என்று மேடம் சொன்னது வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து கண் வலிக்கும்வரை அழுதேன். பிறகு ஜீப் சத்தம் கேட்டது. பின்னியதை மளமளவென்று பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றிக் கூடையில் போட்டுவிட்டு, ஊசிகளை இடம் மாற்றிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்தார். கால் கழுவினார். என் வலது கையை எடுத்து, தினமும் செய்கிற மாதிரி விரல் விரலாக நீவிவிட்டார்.

"இந்தக் கையால பின்ன வருதா?"

"இன்னும் இல்லங்க."

"வரும். ஒண்ணும் அவசரமில்ல," என்றார். "தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன்.